ஏழு முதல் ஏழு வரை: டர்பன் நர்சிங் மாணவர்கள் தங்கள் உடம்பைப் பேணுவது பற்றி

பிற்பகல் இரண்டு மணி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஒரு மருத்துவ வார்டில் நர்சிங் மாணவி ஒருத்தி கட்டிலின் காலடியில் தொங்கும் திரவக் கணக்கு அட்டையை நிரப்புகிறாள். வாய்வழி 150 மி.லி., டிரிப் 500 மி.லி., சிறுநீர் 300 மி.லி. கூட்டல் சரிதானா என்று இரண்டு தரம் பார்க்கிறாள். அவள் காலை நான்கரைக்கு எழுந்து ஒரு கப் டீ குடித்துவிட்டு மினிபஸ் டாக்ஸி ஏறியவள். அதன்பிறகு தண்ணீர் குடிக்கவில்லை, கழிப்பறைக்கும் போகவில்லை. அவள் பெயரில் அப்படியொரு அட்டை இருந்திருந்தால், அதைப் பார்க்கிற சிஸ்டர் உடனே டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்.

இந்த முரண் நர்சிங் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க நர்சிங் அறிஞர் டொரதியா ஓரெம் வகுத்த தன்பராமரிப்புக் கோட்பாடு உலகெங்கும் முதல் ஆண்டிலேயே சொல்லித்தரப்படுகிறது. எந்த மனிதருக்கும் எட்டுத் தேவைகள் பொது என்றார் அவர்: காற்று, தண்ணீர், உணவு, கழிவு வெளியேற்றம், உழைப்புக்கும் ஓய்வுக்கும் சமநிலை, தனிமைக்கும் உறவாடலுக்கும் சமநிலை, ஆபத்திலிருந்து காப்பு, இயல்பான வாழ்வு. நோயாளியால் இவற்றில் எதைத் தானே செய்துகொள்ள முடியவில்லையோ அங்கே நர்ஸ் கைகொடுக்கிறார். மாணவிகள் இந்தப் பட்டியலைப் பரீட்சையில் பிசகாமல் எழுதுகிறார்கள். ஆனால் பட்டியலில் காற்றுக்கு அடுத்த நான்கும் அவர்களுடைய ஷிஃப்டிலேயே தவறிப்போகின்றன.

காரணம் அறியாமையும் அல்ல, சோம்பலும் அல்ல. வார்டில் மாணவி கடைசிப் படியில் நிற்கிறாள். அவள் செய்த ஒவ்வொரு செயல்முறைக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அங்குள்ள சிஸ்டர். அவரிடம் போய் "டீக்குப் போகட்டுமா சிஸ்டர்?" என்று கேட்க நா எழுவதில்லை. இடைவேளை காகிதத்தில் இருக்கிறது, ஆனால் மாணவியின் முறை கடைசியாக வருகிறது, சில நாள் வருவதே இல்லை. ஆகவே நர்சிங் மாணவர்களுக்கான எந்த ஆலோசனையையும் முதலில் ஒரு கேள்வியால் உரசிப் பார்க்க வேண்டும்: இதை யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்ய முடியுமா? அப்படிச் செய்ய முடிகிற பழக்கம்தான் இரண்டாம் மாதத்தைத் தாண்டி நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க், வெருலம் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரைசேர்ந்த நாளிலிருந்து தங்கள் வரலாற்றை எண்ணுகிறவை. அந்த வீடுகளிலிருந்து நர்சிங் படிக்கப் போகிற பிள்ளைகளில் பலர் விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்தே போய்வருகிறார்கள். ஷிஃப்ட் காலை 7 முதல் இரவு 7 வரை. இரவு ஷிஃப்ட் என்றால் அதே மணிகள் தலைகீழாக. டாக்ஸி ராங்கில் காத்திருப்பு, இடையில் வண்டி மாறுவது எல்லாம் சேர்ந்து போகவர மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்தில் மிச்சம் ஒன்பது. குளியல், சாப்பாடு, நாளைய யூனிஃபார்ம், எழுதி முடிக்காத அசைன்மென்ட் எல்லாம் போகத் தூக்கத்துக்கு ஆறு மணி நேரம் கிடைத்தால் பெரிது.

இது ஒரு வாரச் சமாச்சாரம் அல்ல. பழைய நான்காண்டுப் பாடத்திட்டத்தில் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சில் 4000 மணி நேர வார்டுப் பயிற்சியைக் கேட்டது. பன்னிரண்டு மணி ஷிஃப்டாக வகுத்தால் 333 ஷிஃப்டுக்கு மேல் வரும். முன்னூறு தடவை திரும்பத் திரும்பச் செய்வது எதுவானாலும் உடம்பில் தடம் பதிக்கும்.

தண்ணீர், சாப்பாடு, விரதம்

"பக்கத்தில் ஒரு பாட்டில் வைத்துக்கொள்" என்பது எல்லாரும் சொல்வது. வார்டில் அது நடக்காது. தொற்றுத் தடுப்பு விதிப்படி நோயாளிகள் இருக்கும் பகுதியில் உணவோ பானமோ வைக்கக் கூடாது, பாட்டில் டீ ரூமில்தான் இருக்கும். ஆகவே தண்ணீரைத் தாகத்தோடு சேர்க்காமல் வேலையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். நான்கு மணிக்கொரு தரம் வெப்பம், நாடி, இரத்த அழுத்தம் எடுக்கும் சுற்று காலை 10, பிற்பகல் 2, மாலை 6 என்று வரும். சுற்று முடிந்து கை கழுவியதும் டீ ரூமில் ஒரு நிமிடம், 250 முதல் 300 மி.லி. வரை. இவற்றுக்கெல்லாம் முன்பே, காலை பொறுப்பு ஒப்படைப்புக்கு முன் ஆறரைக்கு ஒரு 300 மி.லி. சாப்பாட்டோடும் டீயோடும் உள்ளே போவதும் வீட்டில் இரவு குடிப்பதும் சேர்ந்தால் நாளுக்குச் சுமார் இரண்டு லிட்டர் ஆகிவிடும். பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் இன்னும் அரை லிட்டர் கூட்ட வேண்டும்.

இங்கே தடுமாறுவது எங்கே என்றால், மாணவிகள் மறதியால் மட்டும் குடிக்காமல் இருப்பதில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்று வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள். அரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போகவேண்டி வரும் என்பது உண்மைதான், சிறுசிறு அளவாகக் குடித்தால் அந்த அவசரம் வராது. சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவதும் குறைவாகக் குடிப்பதும் சேரும்போது சிறுநீர்ப்பைக்குள் கிருமி தங்கிப் பெருக நேரம் கிடைக்கிறது. எரிச்சல், அடிக்கடி முட்டல், அடிவயிற்று வலி வந்தால் பார்லித் தண்ணீரோடு நிறுத்திவிடாமல் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். நிறம் இளமஞ்சளாக இருப்பதே குறி. ஆப்பிள் ஜூஸ் நிறத்துக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே பின்தங்கியாயிற்று.

காலை ஐந்தரைக்கு யாருக்கும் பசிக்காது. அந்த நேரத்தில் முழுச் சாப்பாட்டைத் திணிப்பதைவிட உணவை இரண்டாகப் பிரிப்பது நல்லது: வீட்டில் ஒரு வாழைப்பழமும் அவித்த முட்டையும், பத்து மணிக்கு முந்திய இரவு ரொட்டியில் சுருட்டிய பருப்பு. இதைவிட முக்கியமானது மதியம். கொண்டுபோகாத நாளில் கைக்குக் கிடைப்பது கால் பன்னி சௌ, அதாவது கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பியது. 700 கிராம் ரொட்டியில் கால்பங்கு 175 கிராம், அதில் மட்டும் ஏறத்தாழ 80 கிராம் மாவுச்சத்து, கறியில் உருளைக்கிழங்கு தனி. மூன்று மணிக்குக் கண் சொக்குவதற்கு இதுவும் காரணம். அந்த மணியில்தான் மருந்துக் கணக்கும் போட வேண்டியிருக்கிறது. டர்பன் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் இரண்டாம் வகை நீரிழிவு எவ்வளவு பரவலானது என்பதை இங்குள்ள யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவுக்கோ ஆயாவுக்கோ சர்க்கரை இருக்கும் வீட்டுப் பெண், இருபது வயதிலேயே ஒழுங்கற்ற சாப்பாடும் குறைந்த தூக்கமுமாக நாலு வருடம் ஓட்டுவது சின்ன விஷயம் அல்ல.

விரதத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். தைப்பூசக் காவடிக்கு முந்திய நாட்களில் விரதமிருப்பவர்கள் உண்டு, புரட்டாசி முழுதும் கறிமீன் தொடாத வீடுகள் ஏராளம். கல்லூரிப் பயிற்சியாளர்கள் சிலர் விரதமே கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். அது நடக்கிற காரியமும் அல்ல, தேவையும் அல்ல. மாமிசம் தவிர்ப்பதால் ஷிஃப்டுக்கு ஒரு கேடும் இல்லை. கேடு ஒருபொழுது இருப்பதில்தான்: முந்திய இரவு சாப்பிட்டு, மறுநாள் இரவு எட்டரை வரை வெறும் வயிறு. மூன்று மணிக்குத் தலை சுற்றி, நோயாளியைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது கால் தளர்ந்தால் விழுவது இருவரும். ஷிஃப்ட் நாளில் பாலும் பழமும் வேளைக்கு வேளை என்றும், முழு விரதத்தை ஆஃப் நாளில் என்றும் மாற்றிக்கொள்வதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும்.

மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு நாளுக்கு 18 மி.கி. இரும்புச்சத்து தேவை. ஒரு கப் வெந்த மசூர்ப் பருப்பில் சுமார் 6 மி.கி. இருந்தாலும் தாவர இரும்பில் உடம்பு பிடித்துக்கொள்வது கொஞ்சம்தான். எலுமிச்சை பிழிந்தால் கூடும், உடனே டீ குடித்தால் நன்றாகக் குறையும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விட்டாலே வித்தியாசம் தெரியும். விரத மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் சோர்வு என்று தள்ளாமல் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காவடிக்குக் கட்டும் காப்புக் கயிறு இன்னொரு சிக்கல். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தால் அதற்கடியில் கை சுத்தமாகாது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது என்பதே வார்டு நடைமுறை. கட்டிய பிறகு அவிழ்க்கச் சொல்வது மனசை வருத்தும். கட்டும் முன்பே பூசாரியிடம் வேலையைச் சொல்லி மேற்கையில் கட்டிக்கொள்ளலாம்.

இரவு ஷிஃப்ட்

பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாமல் போவதற்கு உடம்பின் உள்கடிகாரம் காரணம். அதிகாலை நான்கை ஒட்டி உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்குகிறது, அப்போதுதான் கண் இழுக்கும், தவறும் நேரும். காலை ஒன்பதுக்குப் படுக்கும்போதோ வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு களைத்திருந்தாலும் நாலைந்து மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும்.

முதல் இரவு ஷிஃப்டுக்கு முன் பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போவது பலரும் விட்டுவிடும், ஆனால் அதிகம் உதவும் பழக்கம். முழுச் சாப்பாட்டை மாலை ஆறுக்குள் முடித்துக்கொண்டு, நள்ளிரவில் சிறியதாக ஏதாவது, இரண்டு முதல் ஐந்து வரை கனமாக எதுவும் வேண்டாம். காபியை ஷிஃப்டின் முன்பாதியில் குடிக்க வேண்டும். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே இரண்டு மணிக்குப் பிறகு கூடாது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கால அளவு ஏறக்குறைய இரட்டிக்கும். அவர்கள் நள்ளிரவோடு நிறுத்திவிடுவது நல்லது. தான் ஏன் காலையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறோம் என்று புரியாமல் தவிக்கும் பெண்கள் பலருக்கு இந்த ஒரு தகவல் விடை. எனர்ஜி டிரிங்க் 250 மி.லி. டின்னில் 80 மி.கி., 500 மி.லி. டின்னில் 160 மி.கி. காஃபீன் இருக்கும். வளர்ந்தவருக்கு நாளுக்கு 400 மி.கி.தான் உச்ச வரம்பு. இடைவேளையில் கண்ணயர அனுமதிக்கும் இடத்தில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் போய்விட்டால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து அடுத்த அரைமணி நேரம் மந்தமாக இருக்கும். அந்த நிலையில் ஊசி மருந்து அளக்கக் கூடாது.

வீடு திரும்பும் வழி ஆபத்தானது. பிற்பகல் இரண்டுக்கு எழுந்தவள் மறுநாள் காலை ஏழுக்கு ஸ்டியரிங் பிடிக்கும்போது விழித்து 17 மணி நேரம் ஆகிறது. அந்த அளவு விழிப்பு, கவனத்தையும் கைவேகத்தையும் 100 மி.லி. இரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இந்நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கான சட்ட வரம்பு அதே அளவுதான். காரில் போகிறவர்கள் ஜன்னலைத் திறப்பதையும் பாட்டை உரக்க வைப்பதையும் நம்பக் கூடாது, புறப்படும் முன் நிறுத்துமிடத்திலேயே 20 நிமிடம் கண்ணயர்வதுதான் உண்மையில் பலன் தருவது. டாக்ஸியில் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால், காலை வெயில் 'பொழுது விடிந்தது' என்று மூளைக்குச் சொல்வது குறையும்.

பிறகு வீடு. பூஜை மணி, பிரஷர் குக்கர், பக்கத்து வீட்டு நாய். இவற்றைவிடத் தூக்கத்தைக் கெடுப்பது அன்பு. "சாப்பிடாமத் தூங்காதம்மா, எழுந்து ரெண்டு வாய் சாப்பிட்டுப் படு" என்று ஆயா பன்னிரண்டு மணிக்கு எழுப்புவார். ஆயாவைக் கடிந்து பயனில்லை. பகல் தூக்கமும் மருந்து மாதிரி, நடுவில் நிறுத்தினால் வேலை செய்யாது என்று வீட்டாரை உட்காரவைத்து ஒருமுறை விளக்க வேண்டும், கதவில் எழும் நேரத்தை எழுதி ஒட்ட வேண்டும். ஜன்னலுக்குக் கறுத்த போர்வை, போன் வேறு அறையில். ஒன்பது முதல் ஒன்று வரை தூங்கி, மாலை நாலரைக்கு மறுபடி ஒரு மணி நேரம் கண்ணயர்வது பலருக்கு ஒத்துவருகிறது.

தூக்கக் குறைவும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்து தரும் தலைவலிக்குக் கோடீன் கலந்த மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது ஆபத்து. கோடீன் கலந்த மாத்திரையை மாதத்தில் பத்து நாள், வெறும் பாரசிட்டமாலை பதினைந்து நாள் என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். கோடீன் பழக்கமாகவும் ஒட்டிக்கொள்ளும்.

கைத்தோல்

மூன்றாம் மாதத்தில் விரல் கணுக்களில் வெடிப்பு, சிவப்பு, எரிச்சல். சானிடைசர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாணவி முடிவுகட்டி சோப்புக்கு மாறுகிறாள், இன்னும் மோசமாகிறது. பெரும்பாலும் இது ஒவ்வாமை அல்ல, ஈரமும் சோப்பும் தோலின் எண்ணெய்ப் படலத்தை அரிப்பதால் வரும் அழற்சி. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது 20 முதல் 30 விநாடி ஆல்கஹால் தேய்ப்பது சோப்பைவிடத் தோலுக்கு இதம். வெடித்த தோலில் அது எரிகிறது என்பதால் அதுவே காரணம் என்று தோன்றுகிறது. சோப்பு போட வேண்டிய இடத்தில் 40 முதல் 60 விநாடி, வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரில், பிறகு ஒற்றித் துடைத்து, முழுதும் காய்ந்த பிறகே கையுறை. ஈரக்கையில் கையுறை மாட்டுவதும், சோப்பு போட்டு உடனே ஆல்கஹாலும் தேய்ப்பதும்தான் அதிகம் கெடுப்பவை.

எங்கும் கிடைக்கும் அக்வஸ் கிரீமைப் பலரும் கைக்குப் பூசிக்கொள்கிறார்கள். அதில் சோடியம் லாரில் சல்பேட் என்ற சோப்புத்தன்மைப் பொருள் இருக்கிறது. அதைச் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவலாம், பூசி அப்படியே விட்டால் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். ஷிஃப்டில் அந்தப் பொருள் இல்லாத, எண்ணெய்ப்பசை குறைந்த கிரீம் இரண்டு மூன்று தடவை. வாசலினும் தேங்காயெண்ணெயும் லேடெக்ஸ் கையுறையை இளக்கிவிடும், அவற்றை இரவு படுக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

ஊசி, காற்று

ஊசி குத்துவது அலட்சியத்தால் என்று எண்ணுவது தவறு. ஷிஃப்ட் முடியும் வேளை, நோயாளி திடீரென்று கையை இழுப்பது, பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி இரண்டு கட்டில் தள்ளி இருப்பது, யாரோ மெத்தை மடிப்பில் விட்டுப்போன ஊசி: இவைதான் பெரும்பாலும் காரணம். பெட்டியை ஊசி போடும் இடத்துக்கே எடுத்துப்போவது, முக்கால் நிறைந்ததும் மூடி மாற்றுவது, ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமலே பெட்டியில் எறிவது. இந்த மூன்றுக்கும் யார் அனுமதியும் தேவையில்லை.

குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ப்ளீச் ஊற்றக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும், நேரத்தை எழுதிவைக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. தடுப்பு மருந்து அதை இன்னும் வெகுவாகக் குறைக்கும், ஆனால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. நோயாளியின் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திராமல் முதல் வேளையை விழுங்கிவிட வேண்டும். முடிவு பார்த்துப் பிறகு நிறுத்திக்கொள்ளலாம்.

மருந்து 28 நாள். இடையில் நிறுத்திவிடுவதுதான் பெரிய குறை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரை முன்பிருந்தவற்றைவிடத் தாங்கக்கூடியது. டொலுடெகிராவிர் சிலரின் தூக்கத்தைக் கலைக்கும் என்பதால் காலையில் எடுக்கலாம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: இரும்பு, கால்சியம் மாத்திரையை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பாட்டோடு என்றால் சேர்த்து எடுக்கலாம். இல்லாவிட்டால் டொலுடெகிராவிரை இரும்புக்கு இரண்டு மணி முன்போ ஆறு மணி பின்போ எடுக்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்கான அலுமினியம், மெக்னீசிய மருந்துகளுக்கு சாப்பாட்டோடு என்ற சலுகைகூட இல்லை, இடைவெளி கட்டாயம்.

ஹெபடைடிஸ் பி இதைவிட வேகமாகத் தொற்றுவது, தடுப்பூசியால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் குழந்தைகளுக்குப் போடப்படுவதால் இன்றைய மாணவர்கள் "எனக்குப் போட்டாயிற்று" என்கிறார்கள். இருபது வருடத்தில் எதிர்ப்பொருள் அளவு இறங்கியிருக்கலாம். படிப்பின் தொடக்கத்திலேயே அளந்து, லிட்டருக்கு 10 அலகுக்குக் குறைவென்றால் ஊக்க ஊசி போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும். புதிதாகப் போடுபவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி.

எச்.ஐ.வி.யைப் பற்றிப் பயம் அதிகம், காசநோயைப் பற்றிப் பயம் போதாது. தென்னாப்பிரிக்கா உலகின் காசநோய்ச் சுமை மிகுந்த நாடுகளில் ஒன்று. காசநோய் வார்டில் மாணவி முகக்கவசத்தோடு கவனமாக இருக்கிறாள், அங்கே சிகிச்சை தொடங்கியவர்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தொற்றுத்தன்மை குறைந்துவிடுகிறார்கள். ஆபத்து பொது வார்டின் மூலைக்கட்டிலில் 'நெஞ்சுச் சளி' என்று சேர்க்கப்பட்டு, சளிப் பரிசோதனை முடிவு வராமல் இருமிக்கொண்டிருப்பவரிடம். சாதாரண அறுவைசிகிச்சைக் கவசம் இருமுபவர் முகத்தில் இருந்தால் உதவும், அணியும் நர்ஸைக் காக்காது. என்95 வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். போட்டதும் இரண்டு கையாலும் மூடிப் பலமாக மூச்சை விட்டுப் பார்க்க வேண்டும். மூக்கோரத்திலோ கன்னத்திலோ காற்று கசிந்தால் உலோகப் பட்டியை அழுத்திச் சரிசெய்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு நாள் தாடி இருந்தாலே கசியும். விரதத்துக்காக முகம் மழிக்காமல் இருக்கும் தம்பிகள் அந்த நாட்களில் தங்களுக்கு இருமல் நோயாளி ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்து, காற்று தன் முதுகிலிருந்து நோயாளியை நோக்கிப் போகும் பக்கமாக நிற்பது செலவில்லாத காப்பு.

இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல்: நோயாளியிடம் தினம் கேட்கும் நான்கு கேள்விகள் இவை. தன் விஷயத்தில் ஒவ்வொன்றுக்கும் மாணவி கையில் ஒரு சமாதானம் தயார். இருமல் ஏர்கண்டிஷனால், வியர்வை டர்பன் வெக்கையால், எடை சாப்பிட நேரமில்லாததால், சோர்வு எல்லாருக்கும் உள்ளதுதான். இப்படியே மாதங்கள் போய்விடுகின்றன. நீரிழிவு இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும் என்பதால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இது தொடர்புள்ள சமாச்சாரம். மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு எடை பார்த்து எழுதிவைத்தால் போதும், எண்ணோடு வாதாட முடியாது.

இடுப்பும் காலும்

நோயாளியைத் தூக்கும்போது ஒருவர் தாங்கக்கூடிய எடை, எல்லாம் சரியாக அமைந்தால் சுமார் 16 கிலோ என்று வேலைக்காப்பு நிபுணர்கள் கணிக்கிறார்கள். ஒரு கால் மட்டுமே உடல் எடையில் ஆறில் ஒரு பங்கு. நூறு கிலோ நோயாளியின் ஒரு காலைக் கட்டுப்போடத் தூக்கிப் பிடித்தாலே வரம்பு முடிந்தது. முதலில் கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். ஆறு விநாடி வேலை, அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுவே. பிரேக் போட்டு, வழுக்குத் துணி விரித்து, இரண்டு பேராக, பாதத்தை அகட்டி, திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் காலடியை மாற்றி. துணைக்கு ஆள் இல்லை என்றால் காத்திருப்பதே வேலை. காலுக்கு 15–20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தக் காலுறை, காலையில் கால் வீங்கும் முன்பே மாட்டினால்தான் பயன். ஷூவை மாலையில் வாங்க வேண்டும், பெருவிரலுக்கு முன் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு.

மனசு

முதல் மரணம் யாருக்கும் எளிதல்ல. உடலைக் குளிப்பாட்டி, கண்ணை மூடி, பெயர்ச்சீட்டுக் கட்டிவிட்டு, அடுத்த கட்டிலில் "சிஸ்டர், தண்ணி" என்று கேட்பவரிடம் உடனே சிரித்த முகத்தோடு போக வேண்டியிருக்கிறது. அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் என்ன நடந்தது, தான் என்ன செய்தோம் என்று வரிசையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது உதவும். சகமாணவி போதும். அழுகை வந்தால் வரட்டும்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வா என்ற நம் வீட்டு வழக்கத்துக்கு இங்கே ஒரு நல்ல பயன் உண்டு. யூனிஃபார்மை வாசலிலேயே தனிப்பையில் போட்டு, குளித்துவிட்டு வேறு துணியில் வீட்டுக்குள் நுழைவது கிருமிக்கும் தடை, மனசுக்கும் ஒரு கோடு. யூனிஃபார்மை மற்றத் துணியோடு சேர்க்காமல் 60 டிகிரியில் துவைக்க வேண்டும்.

வீட்டில் நர்ஸ் ஆகப்போகும் பெண் இருந்தால் ஆஃப் நாளில் மாமா பிரஷர் பார்க்க வருவார், பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரை பார்க்க வருவார். அதில் பெருமையும் உண்டு. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மிச்ச நாள் அவளுடையது.

களைப்பு, இரண்டு நல்ல தூக்கத்தில் தீரும். இரண்டு வாரமாக அனேக நாட்களும் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூங்க முடியவில்லை அல்லது எழ முடியவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது களைப்பு அல்ல, சிகிச்சை உள்ள நோய். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567. வார்டில் மருந்து அலமாரிச் சாவி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு இந்த எண் போனில் முன்பே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கல்லூரியும் வார்டும்

மாணவி தானே செய்துகொள்ள முடியாதவையும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் யாரைக் கூப்பிடுவது, மருந்து எந்த அலமாரியில், படிவத்தை நிரப்புவது மருத்துவமனையா கல்லூரியா, செலவு யாருடையது என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மாணவர்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத இடங்களில் இந்தக் கேள்வி இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கும், குத்திய இரவில் அதை அவிழ்க்க நேரம் இருக்காது.

இடைவேளைக்கும் ஒரு வழி இருக்கிறது. காலை பொறுப்பு ஒப்படைப்பு முடிந்ததும் சிஸ்டர் வேலைப் பங்கீட்டுத் தாளை எழுதுகிறார்: யாருக்கு எந்தக் கட்டில்கள், யார் மருந்துச் சுற்று, யார் காயக்கட்டு. அதே தாளில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே டீ 9:30, சாப்பாடு 1:00 என்று எழுதிவிட்டால், மாணவியின் பெயருக்கு நேரேயும் ஒரு மணி இருக்கும். அந்த மணியில் அவள் கட்டில்களை யார் பார்த்துக்கொள்வார் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். ஒன்பதரை ஆனதும் அவள் யாரிடமும் கேட்காமல் கை கழுவிவிட்டு டீ ரூமுக்குப் போகலாம்.